தீம் சாரும் முப்பத்தோராவது சாம்பலும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கவில்லை. முகத்துக்கு நேரே வெறும் சார், முதுகுக்குப் பின்னால் தீம் சார். பழந்தமிழில் தீம் என்றால் இனிமை என்று அர்த்தம். அந்த அர்த்தத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர், மூன்றாம் மாடியில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே. பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகைகளுக்குப் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை. எந்த நடைமேடையில் எந்த வண்டி, எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுத்து ஓடுகிறதே, அதை ஓடவைப்பவர்கள் நாங்கள்தான். நான் ஒன்பது வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவள். ஆகவே கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

புரோகிராம் எழுத எடிட்டர் என்று ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் எப்படியோ, எங்களுக்கு அது அப்படி. அதன் தோற்றத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பின்னணி என்ன நிறம், எழுத்து என்ன நிறம், எழுத்தின் வடிவம் எப்படி, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, எல்லாம் நம் கையில். இந்த அலங்காரம் மொத்தத்துக்கும் தீம் என்று பெயர். சாதாரண மனிதர்கள் ஐந்து நிமிடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. எடிட்டர் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, வெள்ளைத் திரையும் கறுப்பு எழுத்துமாக வைத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்த முதல் நாள் அவர் என் மேசைக்கு வந்து, நடுத்தெருவில் யாரோ அடிபட்டுக் கிடப்பதைப் பார்ப்பதுபோல் என் திரையைப் பார்த்தார்.

"மேடம், இப்படியேவா வேலை செய்யறீங்க?"

"ஏன் சார்?"

"கண்ணு போயிடும் மேடம்."

"கீழேயே கண்ணாடிக் கடை இருக்கு சார்."

அன்றோடு என்னைத் திருத்தும் முயற்சியைக் கைவிட்டார். தன்னைத் திருத்திக்கொள்வதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. காலை ஒன்பதரைக்கு வருவார். ஜன்னல் திரையை இழுத்துவிடுவார். ஒரு மெல்லிய துணியால் கணினித் திரையைத் துடைப்பார், குழந்தைக்கு முகம் துடைப்பது மாதிரி. பிறகு 'சூழல் அமைப்பது' தொடங்கும். நேற்று ஒன்று புள்ளி நான்காக இருந்த வரி இடைவெளி இன்று ஒன்று புள்ளி நான்கு ஐந்தாகும். "வரிக்கும் மூச்சு விட இடம் வேணும் மேடம்" என்பார். கத்தரிப்பூ நிறத்தில் இருந்த சொல் பழைய மை நிறத்துக்குப் போகும், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வரும். எழுதும் இடத்தைக் காட்டும் கர்சர் விட்டுவிட்டு மின்னினால் கண்ணடிக்கிற மாதிரி இருக்கிறதென்று அதை மின்னாமல் நிறுத்தினார். நின்ற கர்சரைப் பார்த்தால் செத்துப்போன மாதிரி இருக்கிறதென்று ஒரு மாதத்தில் திரும்பவும் மின்னவிட்டார். பதினொரு மணிக்கு டீ வரும்போது சூழல் அமைந்திருக்கும், பல நாள் அதுவும் இருக்காது.

ஒரு வருடம் சைபர் பிரச்சினை வந்தது. எழுத்துருவில் சைபரும் ஆங்கில ஓவும் ஒன்றுபோல் இருக்கக்கூடாது என்பதற்காகச் சைபருக்குள் ஒரு குறுக்குக் கோடோ புள்ளியோ வைப்பார்கள். கோடா, புள்ளியா? மூன்று மாதம் தூக்கம் வரவில்லை என்று சொன்னார். கடைசியில் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பி ஓட்டெடுத்தார். நான்கு பேர் பதில் போட்டார்கள். எங்கள் மேலாளர் அம்மா அனுப்பிய பதில், "நீங்க முடிக்க வேண்டிய வேலை என்ன ஆச்சு?" கேள்விக்குறிக்கு அடியில் ஒரு புள்ளி இருக்கிறது என்பதால் அதைப் புள்ளிக்கு விழுந்த ஓட்டாகச் சேர்த்துக்கொண்டார்.

பின்னணியில் ஓர் அருவிப் படம் வைத்திருந்த காலமும் உண்டு. ஏதாவது வரி எங்கே என்று கேட்டால், "பாறைக்குக் கீழே பாருங்க மேடம், நுரை ஆரம்பிக்கிற இடத்துல" என்று வழி சொல்வார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும், அவருக்கு வேலை தெரியும். பதினொன்றரையிலிருந்து ஒரு மணிக்குள் அவர் எழுதுவது சுத்தமாக இருக்கும். வேலை தெரியாதவராக இருந்திருந்தால் எங்களுக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

இந்தப் பித்து எங்கே பிடித்தது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். அவருடைய முதல் வேலையில் மூத்த புரோகிராமர் ஒருவர் இருந்தாராம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அவர் தட்டத் தொடங்கினால் நாலு பேர் பின்னால் வந்து நின்று வாயைப் பிளந்து பார்ப்பார்களாம்.

"எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு மேடம்."

"என்ன புரிஞ்சுது?"

"கறுப்பு ஸ்கிரீன் வேணும்னு."

"அவர் என்ன எழுதினார் சார்?"

யோசித்துப் பார்த்தார். "அது தெரியல" என்றார்.

அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பல் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறார். ஒரு பல் போன இடத்தில் வைக்கச் செயற்கைப் பல் செய்யும்போது, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். அதற்காகப் பதினாறு வகை வெள்ளைப் பற்களைச் சாவிக்கொத்து மாதிரி கோத்து வைத்திருப்பார்கள். அக்கா அதை வாய்க்கு அருகே பிடித்து, மூச்சு இரண்டு விடுவதற்குள் "இது" என்று எடுத்துவிடுவார். ஒரே வீட்டில் இப்படி ஒருவர், அப்படி ஒருவர். அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் இரண்டு வருடம் வெறும் அடிப்பூச்சோடு நின்றது. சார் நாற்பது நிறங்களைக் கட்டம் கட்டமாகப் பூசி வைத்து, காலையில் ஒரு வெளிச்சத்திலும் மாலையில் ஒரு வெளிச்சத்திலும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் அவர்களுடைய பெண் குழந்தையின் கைவரிசை என்று நினைத்து அதன் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் முடி வெட்டிக்கொள்ளப் போய்விட்டுத் திரும்பும்போது, பெயின்ட் அடிப்பவர் இரண்டாவது சுவரில் இருந்தார்.

"யாரைக் கேட்டு அடிக்கிற?" என்று மனைவியிடம் குதித்தாராம்.

"சுவத்தைக் கேட்டேன். சீக்கிரம் அடிச்சுத் தொலைங்கன்னு சொல்லிச்சு."

வீட்டில் தோற்றவர் அலுவலகத்தில் விட்டுக்கொடுப்பாரா? உலகத்தில் கிடைக்கிற எல்லாத் தீமிலும் ஏதோ ஒரு குறை இருக்கிறதென்று, தானே ஒன்று செய்ய உட்கார்ந்தார். நான்கு மாதம் ஆனது. அதற்கு 'மௌனம்' என்று பெயர் வைத்தார். திரை பேசக்கூடாது என்பது அதன் தத்துவம்.

இங்கே கமென்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். புரோகிராமுக்கு நடுவே, அடுத்து அதைத் தொடப்போகிற மனிதருக்காக நாங்கள் எழுதி வைக்கும் குறிப்புதான் கமென்ட். இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். இந்த வரி ஏன் இருக்கிறது, இதைத் தொடாதே, இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, இப்படி. எனக்கு எழுத ஆரம்பித்தால் கை நிற்காது, பக்கம் பக்கமாக எழுதுவேன். அவருக்கு அது பிடிக்காது.

"புரோகிராம் நல்லா இருந்தா விளக்கம் எதுக்கு மேடம்? ஜோக் சொல்லிட்டு ஜோக்குக்கு அர்த்தம் சொல்ற மாதிரி இருக்கு."

எந்தத் தீம் வைத்தாலும் முதல் காரியமாகக் கமென்டைத்தான் மங்கலாக்குவார். அருவிக் காலத்தில் கமென்ட் எல்லாம் தண்ணீர் நிறத்தில் இருந்தது. 'மௌன'த்தில் இதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார். கறுப்புப் பின்னணி; கமென்டுக்குச் சாம்பல். முப்பது சாம்பல்களைப் பார்த்துத் தள்ளிவிட்டு முப்பத்தோராவது சாம்பலில் நின்றார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குனிந்து பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமே தெரியல சார்."

"அதான் மேடம்!" என்றார். கண் கலங்கியிருந்தது. "இருக்கு, ஆனா இல்ல."

'மௌன'த்தை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக விட்டார். பதினொரு பேர் எடுத்துக்கொண்டார்கள். அதில் மூன்று அவரே, அலுவலகக் கணினிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மனைவிக்குத் தெரியாமல் பல் கூடத்துக் கணினிக்கு ஒன்று. கணினி கெட்டுவிட்டதென்று அக்கா பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டுவிட்டார். மிச்ச எட்டுப் பேரில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். சார் அதை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டார். "புரிஞ்சவன் ஒருத்தனாவது இருக்கான்" என்றார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. என் மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை வந்தது. நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். அந்தச் சமயம் பேருந்து நிலையத்தில் புதிதாக மூன்று நடைமேடைகள் கட்டி முடித்திருந்தார்கள். அவற்றைப் புரோகிராமில் சேர்க்கும் வேலை என் கையில் பாதியில் நின்றது. பலகையில் நீளமான ஊர்ப்பெயர் அடங்குகிறதா என்று பார்க்க ஒரு சோதனை வரி போட்டிருந்தேன். அந்த வரி இருக்கும்வரை எல்லா வண்டியும் ஒரே இடத்துக்குப் போவதாகத்தான் பலகை காட்டும். நிஜ ஊர் எதையும் போட்டுக் குழப்பிவிடக்கூடாதென்று, எந்த ஊருக்கும் இல்லாத பெயராக யோசித்தேன். நான்கு நாள் எங்கே போகப்போகிறேன் என்பதே மனம் முழுக்க இருந்ததால் விரல் தானாக அடித்துவிட்டது: மாமியார் வீடு.

அதற்கு மேலே ஒன்பது வரிக்குக் கமென்ட் எழுதினேன். சுற்றிலும் நட்சத்திரத்தால் வேலி போட்டேன். 'கீழே உள்ள வரி சோதனைக்கு மட்டும். நிலையத்துக்கு அனுப்புமுன் கட்டாயம் நீக்கவும். நீக்காவிட்டால் எல்லாப் பேருந்தும் ஒரே இடத்துக்குப் போகும்' என்று தெளிவாக எழுதியிருந்தேன். கிளம்பும்போது வாயாலும் சொன்னேன்.

"கமென்ட் போட்டிருக்கேன் சார், பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன் மேடம், நீங்க கவலைப்படாம போங்க."

அவர் என் கோப்பைத் திறந்தபோது அந்த இடத்தில் ஒன்பது வரி உயரத்துக்குக் கறுப்பு வெற்றிடம் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். "மேடம் இப்பதான் இடைவெளி விடக் கத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன்." மூன்று நடைமேடைகளையும் ஒரு பிழை இல்லாமல் சேர்த்தார். வெற்றிடத்தைக் கலைக்க மனம் வராமல், அதற்குக் கீழே இருந்த வரி என்னவென்று படிக்காமலே அப்படியே விட்டார். மாலை நான்கு மணிக்கு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் திரையை மேலே ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் புதிய புரோகிராம் பலகைகளில் ஏறியது. பதினான்கு பலகைகள், நாற்பத்திரண்டு வண்டிகள். ஆறு நாற்பது, நடைமேடை ஒன்று, மாமியார் வீடு. ஆறு நாற்பத்தைந்து, நடைமேடை நான்கு, மாமியார் வீடு. விரைவு வண்டி, நடைமேடை ஏழு, வழியில் எங்கும் நிற்காமல் மாமியார் வீடு.

முதலில் கூட்டம் சிரித்தது. நடத்துனர்கள் விடுவார்களா? "மாமியார் வீடு, மாமியார் வீடு, உக்கார இடம் இருக்கு, வாங்க வாங்க" என்று கூவத் தொடங்கினார்கள். கைவிலங்கோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு இரண்டு காவலர்கள் பலகைக்கு அடியில் நின்றிருந்தார்கள். அந்த ஆள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நமக்குன்னு தனி பஸ்ஸே விட்டிருக்காங்களா சார்?" என்று கேட்டானாம். ஒரு மணி நேரம் போவதற்குள் சிரிப்பு தீர்ந்துவிட்டது. ஊர்ப்பெயர் தெரியாமல் ஆட்கள் வண்டிக்கு வண்டி ஓடினார்கள். ஒரு பெண் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவள், நேர் எதிர்த் திசையில் போகிற வண்டியில் ஏறிவிட்டாள். திரும்பி வந்து சேர்ந்தபோது தேர்வுக்கூடத்தின் கதவை அடைத்துவிட்டார்கள். இந்த ஒன்றைக் கேள்விப்பட்ட பிறகு எனக்கு அந்தக் காலையை நினைத்துச் சிரிப்பு வருவதில்லை.

நான் மருத்துவமனையில் மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். மேலாளர் அம்மாவிடமிருந்து அழைப்பு. அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"உங்க ஃபைல்ல என்ன எழுதி வச்சிருக்கீங்க? ஊர்ல இருக்கற பஸ் எல்லாம் மாமியார் வீட்டுக்குப் போகுது!"

ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்த மாமியார் மெல்லத் திரும்பினார். "எந்த மாமியார்?" என்றார். மிச்சமிருந்த ஒரு கண்ணே போதுமானதாக இருந்தது.

அன்று மதியம் மேலாளர் அறையில் விசாரணை. பேருந்து நிலைய அதிகாரி சீருடையோடு வந்திருந்தார், காலையிலிருந்து ஊதிய விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது. நான் ஒரு பக்கம், தீம் சார் ஒரு பக்கம்.

"ஒன்பது வரி எழுதியிருக்கேன், நட்சத்திரம் போட்டு" என்றேன்.

"அப்படி ஒண்ணு ஃபைல்லயே இல்ல மேடம்" என்றார் சார். பொய் சொல்கிற முகமே இல்லை. "என் பொண்ணு மேல சத்தியமா இல்ல."

அவருடைய கணினியை எடுத்துவரச் சொன்னார்கள். கோப்பைத் திறந்தார். மாமியார் வீடு இருந்தது, அதற்கு மேலே கறுப்பு இருந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, எழுதினேனா, எழுதியதாக நினைத்துக்கொண்டேனா?

குனிந்து, எல்லா வரியையும் ஒரே நேரத்தில் தேர்வு செய்கிற விசையை அமுக்கினேன். திரை முழுக்க வெளிர்நீலம் பரவியது. அந்த நீலத்தின் மேல் என்னுடைய ஒன்பது வரிகளும், நட்சத்திர வேலியோடு, ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தன. அதிகாரி உரக்கப் படித்தார், ஒரு வார்த்தை விடாமல். 'கட்டாயம் நீக்கவும்' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படித்தார்.

 சார்தான் பேசினார்.

"அது முப்பத்தோராவது சாம்பல் சார். முப்பதாவதுல லேசா தெரியும். அது கண்ணுக்கு உறுத்தலா இருந்துச்சு."

"உறுத்தலா இருந்துச்சா?" என்றார் அதிகாரி மெதுவாக.

"கொஞ்சம்."

அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினார். "ஒரு மாசம் இவரை எங்ககிட்ட அனுப்புங்க மேடம். போர்டுக்குக் கீழே நின்னு ஜனங்க எதைப் பாக்குறாங்கன்னு இவரும் பாக்கட்டும்." அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மேலாளர் தலையாட்டிவிட்டார். தேர்வைத் தவறவிட்ட பெண்ணுக்கு, தவறு யாருடையது என்று விளக்கிச் சார் கையாலேயே கடிதம் எழுதி, அதிகாரி முத்திரை போட்டுக் கொடுத்தார். அவளுக்கு வேறொரு நாளில் தேர்வு எழுத அனுமதி கிடைத்தது. அது அவளுடைய நல்ல நேரம், எங்கள் கெட்டிக்காரத்தனம் எதுவுமில்லை.

நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை, பார்சல் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது. அங்கே ஒரே ஒரு கணினி. அதன் தோற்றத்தில் எதையும் சேர்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது, பூட்டு போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து. முதல் நாள் பத்தரைக்கு எனக்குப் போன் செய்தார்.

"மேடம், வெள்ளையா இருக்கு."

"என்ன சார் வெள்ளையா இருக்கு?"

"எல்லாமே."

ஒரு வாரம் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தார். கண் நோய் என்று நினைத்துப் பார்சல் அறைக்காரர்கள் அவரிடம் கை கொடுக்காமல் ஒதுங்கிப் போனார்கள். இரண்டாவது வாரத்தில் பழைய புரோகிராமில் சின்னத் திருத்தம் ஒன்று வந்தது. கோப்பைத் திறந்தார். வேறு வழியில்லை, எல்லாமே கண்ணில் பட்டது. எங்கள் புரோகிராமில் இருந்த கமென்டுகளை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தார்.

அவர் படிக்கமாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதியிருந்தோம். 'இது தீம் சார் போட்ட முடிச்சு, அவிழ்க்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.' 'இந்தப் பத்து வரியை எழுத ஒரு நாள், இதற்கு நிறம் பார்க்க ஒன்பது நாள்.' எங்கள் மேலாளரே ஓரிடத்தில் 'ஆண்டவா' என்று மட்டும் எழுதியிருந்தார். இன்னொன்று என்னுடையது: 'தீம் சார் எழுதிய பகுதி. அழகாக இருக்கும். ஓடாது.'

மீசை என்று ஒருவர் எங்களோடு இருந்தார், ஏழு வருடத்துக்கு முன். தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் உட்காருவார், அதிகம் பேசமாட்டார். அவருடையதும் இருந்தது. 'சார், நீங்க கமென்ட் படிக்கறதில்லன்னு சொல்றாங்க, பாக்கலாம். பொண்ணு பொறந்ததுக்கு வாழ்த்துகள். இதைப் படிச்சா வாங்க, டீ குடிப்போம்.' அதற்குக் கீழே, மூன்று மாதம் கழித்து: 'இன்னும் படிக்கல.' அதற்கும் கீழே: 'நாளையிலிருந்து நான் வேலைக்கு வரமாட்டேன். டீ வேணாம் சார். போயிட்டு வரேன்.'

அதன் பிறகு மூன்று நாள் சாரிடமிருந்து போன் இல்லை. நான்காம் நாள் அவர் மனைவி கூப்பிட்டார்.

"என்னம்மா ஆச்சு இவருக்கு? வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொடவே இல்ல. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கேட்டா, நீங்க எல்லாம் என்னமோ எழுதி வச்சிருக்கீங்கன்னு சொல்றாரு. என்ன எழுதினீங்க?"

மற்றவர்கள் எழுதியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னுடையதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அது ஓடுமா, ஓடாதா?" என்றார் அக்கா.

"ஓடும் அக்கா. சும்மா விளையாட்டுக்கு எழுதினேன்."

"எவ்வளவு நாளா ஓடுது?"

"ஆறு வருஷமா."

"அப்ப மொதல்ல அதை அழிம்மா" என்று வைத்துவிட்டார்.

வெட்கமாக இருந்தது. உடனே கோப்பைத் திறந்தேன். எனக்கு முன்னால் யாரோ அங்கே வந்து போயிருந்தார்கள். என் கமென்டுக்குக் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது: 'ஓடுகிறது. நேற்றும் சோதித்தேன். இப்படிக்கு, தீம் சார்.' அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கமென்ட். சிலதுக்கு 'ஆமாம்', சிலதுக்கு 'மன்னிக்கவும்', முடிச்சு என்றிருந்த இடத்தில் முடிச்சை அவிழ்த்து, 'அவிழ்த்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார். மேலாளரின் 'ஆண்டவா'வுக்குக் கீழே 'சொல்லுங்கள் மேடம்' என்றிருந்தது. மீசைக்கு மட்டும் பதில் இல்லை.

மாதம் முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பினார். ஜன்னல் திரையை இழுத்துவிடவில்லை. 'மௌன'த்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். அடுத்து அவர் செய்த தீமில் கமென்டெல்லாம் மஞ்சளில் மின்னின. எந்த மஞ்சள் என்று முடிவு செய்ய மூன்று வாரம் பிடித்தது. மனிதன் ஒரேயடியாக மாறிவிட்டான் என்று நான் சொல்லவே இல்லை.

பிறகு ஒரு மதியம் என் மேசைக்கு வந்து நின்றார். "மீசையோட நம்பர் இருக்கா மேடம்?"

இருந்தது. என் எதிரிலேயே போட்டார். மறுமுனையில் குரல் எனக்கும் கேட்டது.

"யாருங்க?"

"தீம் பேசறேன்."

"எந்த... ஓ, சாரா? என்ன சார் விஷயம்?"

"டீக்கு வரச் சொல்லியிருந்தீங்களே."

"எப்ப?"

"ஏழு வருஷம் ஆச்சு."

 மீசை வெடித்துச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சனிக்கிழமை வரச் சொன்னார். தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறதென்று சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் போகவேண்டும் போலத்தான் இருந்தது.

மீசை கணினியை விட்டுவிட்டு மீன் தொட்டிக் கடை வைத்திருந்தார். மீசையையும் எடுத்துவிட்டிருந்தார். குறுகலான கடை, இரண்டு பக்கமும் கூரைவரை தொட்டிகள், எல்லாவற்றிலும் காற்றுக் குமிழ்ச் சத்தம். மூன்று முக்காலி போட்டு டீ வரவழைத்தார். பேச்சு சுலபமாக வரவில்லை. சார் பெண்ணைப் பற்றிச் சொன்னார், இரண்டாம் வகுப்பு என்றார். மீசை, தான் வேலையை விட்டபோது அம்மா படுத்த படுக்கையாக இருந்ததைச் சொன்னார். அப்போது அலுவலகத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்ததாம். "உங்ககிட்ட சொல்லலாம்னு நெனச்சேன் சார். நீங்கதான் யாரைப் பத்தியும் பேசமாட்டீங்க, கலரைத் தவிர." சார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து கேட்டார். முக்கால் மணி நேரம் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் நிமிர்ந்தார். எதிரே பெரிய தொட்டி, உள்ளே நீல விளக்கு. அவர் கண் அதில் போய் நின்றதைப் பார்த்தேன். புருவம் சுருங்கியது.

"இந்த நீலம் கொஞ்சம்..."

முக்காலிக்கு அடியில் அவர் காலை மிதித்தேன், பலமாகவே.

"சொல்லுங்க சார், நீலத்துக்கு என்ன?" என்றார் மீசை.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

நான் அறிய, நிறத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அதுதான். மீசை அவர் தோளில் தட்டி, பெண்ணுக்கு இரண்டு மீன் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக்கூடாது. நாங்கள் கடையை விட்டு வெளியே வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது.